ஓரகத்தியின் மரங்கள்

விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் நீளமான கூடம். மாவட்ட அறிவியல் கண்காட்சி. மேசைக்கு மேசை தெர்மாகோல் எரிமலை, பேட்டரியில் சுற்றும் காற்றாலை, காயாத பெவிகால் வாசனை.

என் மகள் நித்யா அப்போது எட்டாம் வகுப்பு. அவள் மேசையில் எதுவும் சுற்றவில்லை, எரியவில்லை. ஒரு நீள அட்டை மட்டும். சித்திரை தொடங்கிப் பங்குனி வரை பன்னிரண்டு மாதங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் நேராக, எங்கள் பக்கத்தில் எந்த மரம் துளிர்க்கும், எந்தப் புதர் பூக்கும், எது காய்க்கும், எது இலை கொட்டும் என்ற விவரம். அட்டைக்குக் கீழே காகிதக் கிண்ணங்களில் அந்த வாரத்துப் பூக்கள். ஆவாரை, தும்பை, அன்று காலை உதிர்ந்த மரமல்லி.

நடுவராக வந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். மற்ற மேசைகளை நடந்துகொண்டே பார்த்தவர் இங்கே நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு வரியைப் படித்தார்.

“அழிஞ்சில் மாசியில இலையே இல்லாம பூக்கும்னு எழுதியிருக்கியே, எந்த புக்ல பாத்தம்மா?”

“புக்குல இல்ல சார், மரத்துல பாத்தேன். எங்க சித்தி காட்னாங்க.”

பக்கத்தில் நின்ற அவளுடைய ஆசிரியை உதவிக்கு வந்தார். இந்தப் பெண்ணின் அம்மாவே பாட்டனி டீச்சர்தான், இதோ பின்னால் நிற்கிறார் என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், “அதான பாத்தேன்” என்பதுபோல.

நித்யாவுக்கு அது பொறுக்கவில்லை. உண்மை திரிந்துபோகிறதே என்ற அக்கறையில் அவசரமாகத் திருத்தினாள்.

“அம்மா சொல்லல சார். அம்மாவுக்கு புக்குல இருக்குறது தெரியும். சித்திக்குத்தான் மரம் தெரியும்.”

அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் பரிசு அவளுக்குத்தான். வயிற்றெரிச்சல் என்று சும்மா பேச்சுக்குச் சொல்வதாக நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தொப்புளுக்கு மேலே நாலு விரல் உயரத்தில், உண்மையிலேயே எரியும்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை உன்னைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொண்டு வருகிறாயே என்று என் கணவர் போன வாரம் கேட்டார். அதனால்தான் இந்த வாரம் இது.

தெருக்கோடிப் புங்கமரம்

அந்தச் சித்தியின் பெயர் அஞ்சலை. என் கணவரின் தம்பி ஏழுமலையின் மனைவி, என் ஓரகத்தி.

மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தலைநகரான புதிதில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீடு திண்டிவனத்தில், ஏரிக்குப் போகிற சாலையில். மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் கணவருக்கு விழுப்புரத்தில் புதிதாக முளைத்த அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை, தினமும் பஸ். ஏழுமலைக்கு டயர் கடையில் வேலை. நான் பக்கத்துத் தெருவில் இருந்த மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. நித்யாவுக்கு ஐந்து வயது.

அஞ்சலைக்குப் பத்தொன்பது இருக்கும். மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம். எட்டாவதோடு படிப்பு நின்று, மல்லாட்டைக் காட்டில், அதாவது வேர்க்கடலைக் கொல்லையில், களை எடுக்கப் போனவள். வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பாத்திரம் விளக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“அக்கா, தெருக்கோடியில நிக்குதே புங்க மரம், ரெண்டு நாள்ல கொட்டப் போவுது. ரோடெல்லாம் பொரி எறச்ச மாரி ஆயிடும் பாருங்க.”

இரண்டாம் நாள் காலை பள்ளிக்குப் புறப்பட்டேன். தெருக்கோடியில் பொரி இறைத்துக் கிடந்தது. வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த சின்னப் பூக்கள், செருப்புக்கு அடியில் மெத்தென்று. ஆறு வருஷமாக அந்த மரத்தடியில்தான் போய்வந்துகொண்டிருந்தேன். அந்தப் பூவின் குடும்பம் எனக்குத் தெரியும். அல்லி எத்தனை, மகரந்தத் தாள் எத்தனை, சூலகம் எப்படி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அது எந்த வாரம் கொட்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்டேன். அவள் பெரிய காரணம் எதுவும் சொல்லவில்லை. களை எடுக்கும்போது நாள் முழுக்கத் தலை தரையைப் பார்த்தே இருக்கும், தண்ணி குடிக்க நிமிரும்போது எதிரில் இருப்பது மரம்தான், அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது என்றாள்.

பித்தளைத் தூக்கில் பூக்கள்

எங்கள் ஊர்ப்பக்கம் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு என்றால் தாவரவியல் ஆசிரியைகளுக்குப் பெரிய பேஜாரு பூதான். குறிப்பிட்ட சில குடும்பத்துப் பூக்கள், வாடாமல், ஒரே அளவில், நாற்பது பிள்ளைகளுக்கும் வேண்டும். வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் கிண்ணத்தைப் பார்த்துத்தான் ஆசிரியையை எடைபோடுவார்.

ஒரு வருஷம் பூ கொண்டுவருகிறேன் என்று சொன்ன காவலாளிக்குக் காய்ச்சல். கையைப் பிசைந்துகொண்டு வீட்டில் புலம்பினேன். மறுநாள் விடிந்ததும் அஞ்சலை புறப்பட்டுப் போனாள். எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் வந்து நின்றாள். கையில் பித்தளைத் தூக்கு, அதன்மேல் ஈரத்துணி. உள்ளே ஊமத்தை, செம்பருத்தி, ஆவாரை, எல்லாம் மொட்டு அவிழ்ந்த நிலையில். எது எந்த நேரத்தில் விரியும் என்று கணக்குப் பார்த்துப் பறித்திருந்தாள். ஊமத்தையை ஏரிக்கரையில் பறித்தாளாம், செம்பருத்தியை யாரோ ஒரு வீட்டில் கேட்டு வாங்கினாளாம்.

அந்த வருஷத் தேர்வாளர் இவ்வளவு நல்ல பூவை எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை என்றார். நான் “எல்லாம் நம்ம ஏற்பாடுதான் சார்” என்றேன். வாசலில் தூக்கைத் திருப்பி வாங்கிப்போக நின்றுகொண்டிருந்த அஞ்சலைக்கு அது கேட்டிருக்கும். தூக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த வருஷத்திலிருந்து ஓய்வறையில் ஆசிரியைகள் என்னைக் கேட்பதே இதுதான். “உங்க ஓரகத்தி எப்ப பூ கொண்டாருவாங்க?”

வாலைப் பிடித்த மகள்

ஓய்வறையில் கேட்பதைத் தாங்கிக்கொண்டேன். நித்யாவைத் தாங்க முடியவில்லை.

குழந்தை சித்தியின் புடவைத் தலைப்பை வால்போலப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு இருவரும் கிளம்பிவிடுவார்கள். ஏரிக்கரையில் நுணா வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்பார்கள். ரயில் பாதை ஓரத்து வாகையில் நெற்று காய்ந்து கலகலவென்று பேசுகிறது என்பார்கள். கோயில் குளத்தருகே இருக்கும் வேம்பு மற்ற வேம்புகளுக்கு முன்னால் செந்துளிர் விட்டுவிட்டது, அதற்கு என்ன அவசரமோ என்று இருவரும் கவலைப்படுவார்கள். பிற்பாடு அஞ்சலைக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அவர்களுக்கு மரமும் ஒன்றுதான், மின்கம்பமும் ஒன்றுதான். நித்யா ஒருத்திதான் அவளுக்குக் கூட்டு.

இருவருக்கும் ஒரு தீராத ஆசை இருந்தது. மயிலம் பக்கத்தில் அஞ்சலையின் அம்மா ஊரை ஒட்டி ஒரு கரடு, சின்னக் குன்று. அதில் காசாஞ்செடி என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் புதர். புத்தகங்களில் காயா என்று இருப்பது அதுதான். திருமாலின் நிறத்துக்குச் சொல்வார்களே, அந்தக் காயாம்பூ. கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் குச்சி தெரியாமல் நீலமாகப் பூக்கும். மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். பிறகு கொட்டிவிடும். இவர்கள் மூன்று கோடையில் போனார்கள். ஒரு முறை மொட்டாக இருந்தது. ஒரு முறை மழையே பெய்யவில்லை. ஒரு முறை ஒரு நாள் பிந்திவிட்டார்கள், தரையில் நீலத் தூள் மட்டும் கிடந்ததாம். அந்தத் தூளை ஒரு தாளில் மடித்து எடுத்துவந்து நித்யா என்னிடம் காட்டினாள்.

நான் அந்தப் பூவை மாணவிகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். கல்லூரியில் ஒட்டிவைத்த உலர்ந்த மாதிரியில் பழுப்பாகப் பார்த்திருக்கிறேன். நீலமாகப் பார்த்ததில்லை. “என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அஞ்சலை ஓடி வந்து செருப்பை எடுத்து வைத்திருப்பாள். சொல்லவில்லை. எம்.எஸ்ஸி. படித்தவள் எப்படிச் சொல்வது?

தனிக்குடித்தனம்

கண்காட்சிக் கூடத்துக்குத் திரும்புகிறேன். முதல் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். பஸ்ஸில் திண்டிவனம் வந்து சேரும்வரை நித்யா அதை மடியில் வைத்திருந்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் என்னைத் தாண்டி ஓடி, அதை அஞ்சலையின் கையில் கொடுத்தாள். “உனுக்குத்தான் சித்தி” என்றாள்.

அந்த வாரமே கணவரிடம் பேச்சை எடுத்தேன். உங்களுக்கு வயதாகிறது, தினமும் பஸ்ஸில் அலைகிறீர்கள், நித்யாவுக்கு விழுப்புரத்தில் நல்ல பள்ளி இருக்கிறது, நாம் அங்கே போய்விடலாம் என்றேன். அவர் அப்பாவி. எனக்காகவா இவ்வளவு யோசித்தாய் என்று நெகிழ்ந்துபோனார். உன் பள்ளி இங்கே இருக்கிறதே, நீ அலைய மாட்டாயா என்று கேட்டார். எனக்கு மாற்றல் கிடைத்துவிடும் என்றேன். கிடைக்கவில்லை. கடைசிவரை கிடைக்கவில்லை.

வீடு மாறிய நாளில் அஞ்சலை வேனில் சாமான் ஏற்றிக் கொடுத்தாள். அவளுக்கு எதுவும் புரியவில்லை. நான் ஏதாவது தப்பு பண்ணிவிட்டேனா அக்கா என்று இரண்டு தடவை கேட்டாள். இல்லையே என்று இரண்டு தடவை சொன்னேன்.

இடது பக்க ஜன்னல்

இப்படித்தான், ஒரு பெண்ணின் மீதிருந்த பொறாமைக்காக, தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டியவள் ஆனேன்.

அப்போது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சாலையின் இருபுறமும் புளிய மரங்கள். மேலே கிளைகள் கைகோத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மரத்திலும் நெடுஞ்சாலைக்காரர்கள் பட்டை அடித்து எண் எழுதியிருப்பார்கள். சில வாரங்கள் சும்மா வெறித்துக்கொண்டு போனேன். பிறகு ஒரு நாள் நோட்டு ஒன்றை எடுத்தேன். அவளுக்குக் கண் இருந்தால் எனக்கும் இருக்கிறது. அவளால் முடிந்தது என்னால் முடியாதா? இந்த வேகத்தில்தான் தொடங்கினேன். மரத்தின் மீது எனக்கு எந்தக் காதலும் இல்லை என்பதை எழுதிவைக்க வேண்டும்.

காலையில் இடது பக்க ஜன்னல், மாலையில் அதே பக்கம் வரும்படி வலது பக்க ஜன்னல். மரத்தின் எண், தேதி, என்ன நிலை. மாசியில் வேம்பு மொட்டையாகி, பங்குனியில் செம்புத் தகடு போலத் துளிர்த்து, சித்திரையில் தேன்வாடை அடித்தது. விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு சரக்கொன்றை, மற்றவை முடிந்து பதினைந்து நாள் கழித்துத்தான் பூத்தது. ஒவ்வொரு வருஷமும் அப்படியே. தூங்குமூஞ்சி மரங்கள் மழை மேகம் கறுத்தால் மாலைக்கு முன்பே இலையை மூடின. மூன்று வருஷத்தில் மூன்று நோட்டு.

புளிய மரங்களில்தான் என் பெரிய கண்டுபிடிப்பு. கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மரங்கள். ஒரே மண், ஒரே வெயில். ஒன்று பூத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் மற்றது பூக்கும். மூன்று வருஷமும் சரிபார்த்தேன். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பொங்கலுக்குத் திண்டிவனம் போனபோது அஞ்சலையிடம் இதைச் சொன்னேன். சொல்வதற்கு முன்னால் அடுப்படியில் அவள் கை ஓயட்டும் என்று காத்திருந்தேன், அவள் முகத்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

அவள் முகம் மலர்ந்துதான் போனது. “ஆமாங்கா, அந்த ரெண்டும்தான. முந்திப் பூக்குறது பழம் கொஞ்சம் இனிப்பா இருக்கும், பிந்துறது ஒரே புளிப்பு. நாங்க புளி பொறுக்கப் போவக்குள்ள மொதல் மரத்துக்கு அடிச்சிக்குவோம். நீங்களும் பாத்தீங்களா?”

அவள் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டாள். எனக்குப் பொங்கல் இறங்கவில்லை.

ஸ்கூல்ல இருந்து

நித்யா பிளஸ் டூ முடித்த கோடை. கோயம்புத்தூரில் பொறியியல் படிக்க ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் வெயில் கொளுத்திய பிறகு ஒரு சாயங்காலம் இடி மின்னலோடு நல்ல மழை. சில நாள் கழித்துக் காலை எட்டு மணி வாக்கில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. நித்யா குளித்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலைதான். அம்மா ஊருக்கு வந்தவள், கூட்டேரிப்பட்டில் ஒரு கடையின் காயின் போனிலிருந்து பேசினாள். பின்னால் லாரிச் சத்தம்.

“அக்கா, காசாஞ்செடி பூத்துடுச்சி. கரடே நீலமா கெடக்குது. நித்யாவ ஜல்தியா பஸ் ஏத்தி உடுங்க, நான் இங்க ஸ்டாப்பிங்லயே நின்னுக்கினு இருக்கறேன். நீங்களும் வந்தா நல்லா இருக்கும்கா.”

சரி என்றேன். போனை வைத்தேன்.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நித்யா வந்தாள். யாரும்மா போனில் என்று கேட்டாள்.

“ஸ்கூல்ல இருந்து” என்றேன்.

அதைத் திட்டமிட்டுச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. ஆனால் அதைத் திருத்த எனக்கு ஒரு நாள் முழுக்க நேரம் இருந்தது. மறுநாளும் இருந்தது. திருத்தவில்லை.

மூன்றாம் நாள் மகளுக்குத் தெரியாமல் நான் மட்டும் கிளம்பினேன். அந்த நீலத்தை நான் ஒருத்தி பார்த்துவிட வேண்டும் என்று. கூட்டேரிப்பட்டில் இறங்கினேன். கரடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. யாரிடம் கேட்டாலும் அஞ்சலையின் ஊர் வழியாகத்தான் போக வேண்டும் என்றார்கள். ஒரு சோடா குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

நித்யா படிக்கப் போனாள். போவதற்கு முன் ஒரு நாள், இந்த வருஷம் நல்ல மழை பெய்ததே, சித்தி ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டாள். வேலையாக இருந்திருப்பாள் என்றேன். அதன்பின் அவள் கேட்கவில்லை. விடுமுறையில் வந்தால் திண்டிவனம் போவது குறைந்தது. பிறகு நின்றது.

அதற்கடுத்த வருஷம் நாலு வழிச் சாலைக்காக மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். எண் எழுதிய அடிமரங்கள் சாலையோரம் வரிசையாகக் கிடந்தன. இலை பச்சையாகவே இருந்தது, பூவும் இருந்தது. என் நோட்டில் இருந்த மரங்கள் ஒவ்வொன்றாகப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த இரண்டு புளிய மரமும் ஒரே நாளில் விழுந்தன. பஸ்ஸில் என்னைச் சுற்றி ஐம்பது பேர் இருந்தார்கள். இதைச் சொல்லி அழுவதற்கு உலகத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளின் முகத்தில் விழிக்க எனக்கு வழியில்லை.

மல்லாட்டை உரித்த கை

நித்யாவுக்கு வேலை பெங்களூரில். கல்யாணம் ஆயிற்று, பெண் குழந்தை பிறந்தது. பேர் வைக்கும் நாளில் அஞ்சலை வந்து, தூர நின்று பார்த்து, சாப்பிட்டதும் கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகு நித்யா தன் கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. சின்ன வயதில் சித்திதான் தனக்கு எல்லாம் என்றும், வளர்ந்த பிறகு சித்தி தன்னை மறந்துவிட்டாள் என்றும் சொன்னாள்.

அதன்பிறகும் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பணி ஓய்வு பெற்ற மாதம், ஒரு பகலில் திண்டிவனம் போனேன். அஞ்சலை வீட்டு வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கைப்பிடி எடுத்து உரித்தபடியே சொன்னேன். போன் வந்தது, சொல்லாமல் விட்டது, ஏன் விட்டேன் என்பது. வீடு மாறியதும் அதற்காகத்தான் என்பதையும் சொன்னேன்.

அவள் கை நின்றது.

“நான் அந்த ஸ்டாப்பிங்ல பொழுது சாயுற வரைக்கும் நின்னுக்கினு இருந்தேங்கா. ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நிக்கும், எட்டி எட்டிப் பாப்பேன். மறுநாளும் போய் நின்னேன்.” முறத்தை ஒரு தடவை குலுக்கினாள். “பொண்ணு பெரிய படிப்பு படிக்கப் போவுது, இனிமே நம்மகூட எதுக்கு வரப் போவுதுன்னு நெனச்சிக்கினேன். அதுல இருந்து நானா அது எதிர்ல போய் நிக்கறதில்ல.”

மன்னித்துவிடு என்றேன். அவள் எழுந்து மடியை உதறினாள்.

“இத நித்யாகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். இப்ப கெளம்புங்கக்கா” என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருபது வருஷத்தில் அவள் எனக்குக் காபி கொடுக்காமல் அனுப்பியது அன்றுதான்.

அன்று சாயங்காலமே நித்யாவுக்குப் போன் செய்து சொன்னேன். முழுதும் கேட்டாள். “சரிம்மா” என்று வைத்துவிட்டாள். மூன்று மாதம் அவள் பேசவில்லை. நான் போன் செய்தால் மாப்பிள்ளை எடுத்து, நித்யா வேலையாக இருப்பதாக மரியாதையாகச் சொல்வார்.

அந்தக் கரடு இப்போது இல்லை. மண்ணை அள்ளிச் சமப்படுத்தி, கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள். நித்யா காயாம்பூவைப் பார்க்கவே இல்லை. நானும்தான்.

பேர் சொல்லக் கூடாது

மாசி கடைசியில் நித்யா குழந்தையோடு ஊருக்கு வந்தாள். விழுப்புரத்துக்கு வரவில்லை. நேராகத் திண்டிவனத்துக்குச் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். என் கணவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, யாரும் தனியாகச் சொல்லாமலே.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் போய் நின்றேன். வாசலில் ஆட்டோ நின்றது. மயிலம் பக்கம் அழிஞ்சில் பூத்திருக்கிறது, குழந்தைக்குக் காட்டப் போகிறார்கள். என்னைப் பார்த்ததும் நித்யா குழந்தையின் செருப்பை மாட்டிவிடுவதில் மும்முரமானாள். அவளும் அஞ்சலையும் ஒரே மாதிரி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். இத்தனைக்கும் பிறகு எனக்கு வந்தது வெட்கம் இல்லை. அதே எரிச்சல்தான், அதே இடத்தில்.

அஞ்சலை என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“வர்றதுன்னா வாங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வழியில யார் எது கேட்டாலும் நீங்க பேர் சொல்லக் கூடாது. வாயத் தொறக்கவே கூடாது.”

சரி என்று தலையாட்டி ஏறிக்கொண்டேன்.

அழிஞ்சிலைப் பார்த்தோம். இலை இல்லாத முள் குச்சிகளில் வெள்ளை வெள்ளையாக, வாசனை பத்தடி முன்பே வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அஞ்சலை சொல்ல, குழந்தை திரும்பச் சொன்னது. திரும்பும் வழியில் புதிதாக வந்த ஒரு கல்லூரியின் சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக மரங்கள். ஒரு மரத்தில் இலை அநேகமாக இல்லை, உடம்பெல்லாம் இளஞ்சிவப்புக் குழல் பூக்கள். குழந்தை ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அடம் பிடித்தது. இறங்கினோம். கீழே விழுந்திருந்த பூ ஒன்றை எடுத்து, இது என்ன மரம் என்று கேட்டது.

அஞ்சலை பூவை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“இது பாதிரி. கடலூரு பக்கம் கோயில்ல இருக்குது, அந்த மரம்.”

பாதிரி இல்லை. அதே குடும்பம்தான், பூவும் அதே குழல் வடிவம்தான். ஆனால் இது கடல் கடந்து தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, அழகுக்காகக் கல்லூரிகளில் நடுவது. கிளை நுனியில் மிஞ்சியிருந்த இலையே காட்டிக்கொடுத்தது. ஒரே காம்பில் ஐந்து விரல். பாதிரிக்கு அப்படி இருக்காது. அஞ்சலையின் காட்டில் இந்த மரம் வளர்ந்ததே இல்லை, அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

அவள் ஒன்றைத் தவறாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இருபது வருஷமாக, நோட்டு நோட்டாக எழுதி, நான் காத்திருந்தது இந்த ஒரு நொடிக்காகத்தான். சரியான பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

நிமிர்ந்தேன். நித்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் தெருவுக்குத் தெரு நிற்கிற மரம் அது. அவளுக்கும் தெரியும். நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்கிறாள்.

“பாதிரி” என்று குழந்தை சொல்லிப் பார்த்தது.

“ஆமாண்டா கண்ணு, பாதிரி” என்றாள் நித்யா, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் குனிந்து, குழந்தைக்கு இன்னொரு பூவைப் பொறுக்கிக் கொடுத்தேன்.